இஷ்பெல் கேட்ட இன்னொரு குழி

ஆர்ட்னெவியில் ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. இஷ்பெல் டார்விட் போடும் ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் குறைவு. துறைமுகத்துக்கு மேலே இருக்கும் சிறிய மருத்துவ நிலையத்தில் காலை முழுவதும் ரத்தம் எடுப்பதுதான் அவளுடைய வேலை. கயிறு இழுத்துக் காய்த்துப்போன மீனவர் கைகள், நரம்பு எங்கேயோ ஒளிந்துகொண்ட முதிய கைகள், அம்மா மடியில் திமிறும் குழந்தைக் கைகள், எதுவானாலும் முதல் குத்திலேயே முடித்துவிடுவாள். அவளிடம் போய்விட்டு வந்தவர்கள், "குத்தினாளா என்ன?" என்று பஞ்சைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

அதே கைதான் கோல்ஃப் திடலில் உதறியது. ஓங்கி அடிக்கும்போது இல்லை. பந்து குழிக்கு ஓரடி பக்கத்தில் கிடக்க, மெல்லத் தள்ளிவிட்டால் போதும் என்ற நேரத்தில். மணிக்கட்டுக்குள் யாரோ சுண்டிவிட்டது போல ஒரு துள்ளல், பந்து குழியை உரசிக்கொண்டு போய்விடும். இது தொடங்கி இரண்டு கோடை ஆகிவிட்டது.

ஆர்ட்னெவியில் கோல்ஃப் பணக்காரர் ஆட்டம் அல்ல. கடைசித் தெருவில் துணி காயப்போடும் கொடிகள் முடிகிற இடத்தில் திடல் தொடங்குகிறது. தபால்காரர் ஆடுவார், பள்ளிக்கூடச் சமையல்காரி ஆடுவாள், பாதிரியார் மோசமாக ஆடுவார். இஷ்பெல்லின் கணவன் சாண்டி எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்ப்பவன், மூன்று வாரம் கடலில், மூன்று வாரம் கரையில். அவன் கடலில் இருக்கும் நாட்களில் அவளுக்கு நெட்டா பிரோடியும் இந்தத் திடலும் துணை.

நெட்டா கறிக்கடைக்காரி. பெரிய தோள்கள், அதைவிடப் பெரிய குரல். இருவரும் ஜோடியாக ஆடுவது பல வருடப் பழக்கம். அந்த ஆட்டத்தில் ஒரு ஜோடிக்கு ஒரே பந்துதான். ஒருத்தி ஒரு அடி, அடுத்தவள் அடுத்த அடி. பதினெட்டுக் குழிகளில் ஒவ்வொன்றையும் குறைந்த அடிகளில் முடிக்கும் ஜோடிக்கே அந்தக் குழி. ஒற்றைப்படைக் குழிகளை ஒருத்தி தொடங்கினால் இரட்டைப்படைக் குழிகளை மற்றவள் தொடங்க வேண்டும். ஒருத்தி பந்தைப் புதருக்குள் அடித்தால் அங்கிருந்து எடுத்து அடிப்பது மற்றவளின் தலையெழுத்து. அதனாலேயே ஊரில் ஒரு வழக்கம், கூட ஆடுபவரிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்கத் தொடங்கினால் மாலை வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இஷ்பெல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இன்னொரு வாட்டி 'சாரி'ன்னு சொன்னே, பந்தோட உன்னையும் சேத்துக் கடலுக்குள்ள அடிச்சிருவேன்" என்று நெட்டா ஒருமுறை கத்தியது துறைமுகம் வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

செப்டம்பரில் பக்கத்து ஊர் போர்ட்செல்லனுடன் பெண்கள் ஜோடிப் பந்தயம். யார் யார் என்று திங்கட்கிழமை கோல்ஃப் மன்றத் தலைவியிடம் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை இஷ்பெல் கறி வாங்கப் போனபோது நெட்டா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராதுடி. கிட்டத்துப் பந்தை உள்ள போட முடியலன்னா இந்த வருஷம் நான் கத்ரியோனாவோட ஆடுறேன். நாளைக்கு டன்னட் வீட்டுக்காரங்களோட ஆட்டம் இருக்குல்ல? அதுல ஒண்ணாவது போட்டுக் காட்டு. ஒண்ணு போதும்."

"நாளைக்கு நடக்கறது சும்மா சிநேக ஆட்டம்தானே."

"சும்மா ஆட்டத்துலயே போட முடியலன்னா?"

இஷ்பெல் சிரித்தாள். கோபம் வரவில்லை. நெட்டா வெட்டித் தரும் கறி போலத்தான் அவள் பேச்சும், கொழுப்பு ஒட்டியிருக்காது. அதோடு, நாளைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் இஷ்பெல்லுக்குத் தோன்றியது. ஒரு வாரமாகச் சமையலறைத் தரைவிரிப்பில் தேநீர்க் கோப்பையைப் படுக்கவைத்துப் பழகியிருந்தாள். கோப்பைக்குள் ஒன்றும் தப்பவில்லை.

சனிக்கிழமை வானம் தெளிவாக இருந்தது. காற்று வழக்கம் போலக் கன்னத்தில் அறைந்தது. ஃபெர்கஸ் டன்னட் குழாய் வேலை செய்பவர், சாது. அவர் மனைவி லோர்னா ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியை, சாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏழாம் குழியில் அந்தப் பந்து வந்தது. நெட்டா தூரத்திலிருந்து உருட்டியது குழிக்கு ஓரடி முன்னால் நின்றது. இவ்வளவு கிட்டத்தில் நின்றால் எதிராளி "எடுத்துக்கோ" என்று விட்டுக்கொடுப்பது வழக்கம், அடித்ததாகவே கணக்கு. ஃபெர்கஸ் வாயைத் திறந்தார். லோர்னா அவர் காலை மிதித்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

இஷ்பெல் பந்தின் முன் நின்றாள். 'நடுங்காதே, நடுங்காதே' என்று கைகளுக்குச் சொன்னாள். கைகள் நடுங்கின. பந்து குழியின் உதட்டில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது.

"சா..." என்று தொடங்கி விழுங்கிக்கொண்டாள்.

"பாதி சொன்னாலும் சொன்னதுதான்" என்றாள் நெட்டா, அவளைப் பார்க்காமலே.

எட்டாம் குழிக்கு நடக்கும்போதுதான் இஷ்பெல்லுக்குச் சுரீரென்றது. இத்தனை வருடத்தில் எந்த நோயாளியிடமாவது 'பயப்படாதீங்க' என்று சொல்லியிருக்கிறாளா? சொன்னதே இல்லை. அப்படிச் சொன்னால் அவர்கள் கையைத்தான் இழுத்துக்கொள்வார்கள். அவள் அவர்களுக்கு வேலை கொடுப்பாள். மூச்சை நீளமா வெளியே விடுங்க. சுவத்துல இருக்கற படத்துல எந்தப் படகு உங்க அண்ணனோடது? நேத்து ராத்திரி என்ன சாப்பாடு? அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். ஊரில் பாதிப் பேருக்குச் செய்ததை அவள் தனக்கு மட்டும் செய்துகொண்டதில்லை.

சரி, இனி நானே நர்ஸ், நானே நோயாளி என்று நினைத்தாள். நோயாளிக்கு மூன்று வேலை. நெஞ்சு காலியாகும் வரை மூச்சை விடுவது. பந்தின் முதுகில் அச்சடித்திருக்கும் எழுத்தில் கண்ணை வைப்பது. அடித்த பிறகு தலையைத் தூக்கிப் பார்க்காமல், பந்து விழும் சத்தத்துக்குக் காதைக் கொடுப்பது. கைக்கு மட்டும் ஒரு வேலையும் இல்லை. அதற்குத் தெரியாததா?

எட்டாம் குழியில் தூரத்துப் பந்து ஒன்றை அப்படி உருட்டினாள். உள்ளே போகவில்லை, ஆனால் மணிக்கட்டு வெண்ணெய் போல இருந்தது. பத்தாம் குழியிலும் அப்படியே. கிட்டத்துப் பந்து ஒன்று வரட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தாள். இரண்டு வருடமாக அதற்குப் பயந்து கிடந்தவள் இப்போது அதைத் தேடினாள்.

லோர்னா விடவில்லை. பதினோராம் குழியில், "எடுத்துக்கோ இஷ்பெல்." பதின்மூன்றில், "அட, எடுத்துக்கோம்மா, இதெல்லாம் ஒரு தூரமா!" பதினைந்தில் பந்து நிற்பதற்கு முன்பே, "நல்லாருக்கு, எடுத்துக்கோ!"

"அவ ஏன் வாரி வழங்கறா தெரியுமா?" என்று நெட்டா காதில் கிசுகிசுத்தாள். அவளுடைய கிசுகிசுப்பு பாதித் திடலுக்குக் கேட்கும். "இப்பல்லாம் குடுத்துட்டே வருவா. கடைசிக் குழியில வாயை மூடிக்குவா. உன் கைக்குப் பழக்கமே விட்டுப்போயிருக்கும்."

"கேக்குது நெட்டா" என்றாள் லோர்னா.

"கேக்கணும்னுதான் சொன்னேன்."

பதினாறாம் குழி முடிந்தபோது டன்னட் ஜோடி ஒரு குழி முன்னால் இருந்தது. பதினேழாம் குழியின் தொடக்க மேட்டில் ஃபெர்கஸ் ஏறிப் பந்தை வைத்துவிட்டு மட்டையை அசைத்துப் பார்த்தார். பதினாறில் கடைசியாகப் பந்தை உள்ளே போட்டது லோர்னா; அதனால் இப்போது தன் முறை என்று நினைத்துவிட்டார். ஒற்றைப்படைக் குழிகளைத் தொடங்க வேண்டியவள் லோர்னா. முறை மாறி அடித்தால் அந்தக் குழி எதிராளிக்குப் போய்விடும். லோர்னா பையில் கையுறை தேடிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. நெட்டா கவனித்தாள். அவள் உதடுகள் அழுந்த மூடிக்கொண்டன.

இந்தக் குழி சும்மா கிடைத்தால் ஆட்டம் சமமாகிவிடும். ஆனால் இஷ்பெல்லுக்கு வேண்டியது சும்மா கிடைக்கும் குழி அல்ல.

"ஃபெர்கஸ், இது லோர்னா அடிக்கவேண்டியது இல்லையா?" என்றாள்.

ஃபெர்கஸ் பாம்பை மிதித்தவர் போலப் பின்வாங்கினார். லோர்னா நிமிர்ந்து பார்த்து நடந்ததைப் புரிந்துகொண்டு, "வீட்டுல குழாயைத்தான் திறந்து போட்டுட்டு வருவேன்னு பாத்தா, மூளையையும் அங்கயே போட்டுட்டு வந்துட்டியா?" என்றாள்.

நெட்டா அந்தக் குழி முழுவதும் இஷ்பெல்லுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். இரண்டு ஜோடியும் சம அடிகளில் முடித்தார்கள். ஒரு குழி பின்தங்கியபடியே கடைசிக் குழிக்கு வந்தார்கள். அதை ஜெயித்தால்தான் ஆட்டம் சமன்.

பதினெட்டில் ஃபெர்கஸின் பந்து முட்புதருக்குள் போனது. லோர்னா அதைத் தோண்டி எடுப்பதற்குள் பாதிப் புதர் சாய்ந்தது. ஆறு அடிகளில் முடித்தார்கள். இஷ்பெல்லும் நெட்டாவும் மாறி மாறி அடித்து நான்காவது அடியில் பந்தை உருட்டிக் குழிக்கு ஓரடியில் நிறுத்தினார்கள். நிறுத்தியது நெட்டா. ஐந்தாவது அடி இஷ்பெல்லுடையது.

நெட்டா சொன்னபடியே லோர்னா வாயை மூடிக்கொண்டாள்.

இஷ்பெல் பையிலிருந்து மட்டையை உருவினாள். பந்தை நோக்கி நடக்கும்போதே மூச்சை விடத் தொடங்கினாள். உடம்பு லேசாக இருந்தது. இது உள்ளே போகும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எடுத்துக்கோ இஷ்பெல்" என்றார் ஃபெர்கஸ்.

லோர்னா திரும்பிய வேகத்தில் தொப்பி பறந்தது. "என்ன சொன்னே?"

"பதினேழுல அவ சொல்லாம இருந்திருந்தா நாம அங்கயே ஒரு குழி இழந்திருப்போம் லோர்னா. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. எடுத்துக்கோம்மா."

"வேண்டாம் ஃபெர்கஸ். நான் அடிக்கிறேன்" என்றாள் இஷ்பெல்.

"வேண்டாம்னு சொல்ல விதியில இடமில்ல" என்றாள் லோர்னா. கடுப்பிலும் அவள் தலைமையாசிரியைதான். "குடுத்தா குடுத்ததுதான். இந்த மகராசன் குடுத்துட்டாரு. ஆட்டம் சமம். வாங்க, சூப் ஆறிடும்."

சிநேக ஆட்டம் சமத்தில் முடிந்தால் கைகுலுக்கிவிட்டு உள்ளே போய்ப் புகைபோட்ட மீன் சூப் குடிப்பதுதான் அங்கே நடப்பது. ஃபெர்கஸ் கையை நீட்டிவிட்டார். நெட்டா பந்தைக் குனிந்து எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் வெற்றியும் இல்லை, கோபமும் இல்லை. திங்கட்கிழமை என்ன சொல்வது என்று தெரியாத முகம்.

இஷ்பெல் கையைக் கொடுக்கவில்லை.

"இன்னும் ஒரு குழி ஆடலாமா?" என்றாள். "முதல் குழியிலேருந்து. ஆனா ஒண்ணு. யாரும் யாருக்கும் குடுக்கக் கூடாது. விரல்கடை தூரம்னாலும் அடிச்சுத்தான் தீரணும்."

மூவரும் அவளைப் பார்த்தார்கள். இஷ்பெல் எதையும் கேட்டு வாங்கி அவர்கள் பார்த்ததில்லை.

"எனக்குச் சம்மதம்" என்றாள் லோர்னா உடனே. அவள் கண்ணில் ஒரு பளபளப்பு. "ஃபெர்கஸ், நீ இனிமே வாயைத் திறந்தே, சூப்பு கிடையாது."

முதல் குழி நேரான குழி, காற்றுக்கு எதிரே. பதினெட்டை இஷ்பெல் தொடங்கியதால் இதை நெட்டா தொடங்கினாள். வெகுதூரம் போனது பந்து. இஷ்பெல் அடித்த இரண்டாவது அடி குழியைச் சுற்றியிருந்த புல்தரையின் ஓரத்தில் ஏறியது. டன்னட் ஜோடி மணலில் ஒருமுறை மாட்டிக்கொண்டு ஐந்தில் முடித்தது. நெட்டா தூரத்திலிருந்து உருட்டினாள். பந்து குழியைத் தாண்டிச் சற்றுத் தள்ளி நின்றது. ஏழாம் குழியில் இருந்ததைவிட இரண்டு மடங்கு தூரம், லேசான இறக்கம் வேறு.

"சாரி" என்றாள் நெட்டா.

சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். காது வரை சிவந்துபோனாள். இஷ்பெல்லுக்குச் சிரிப்பு பொங்கியது. "கடல் அந்தப் பக்கம்" என்று மட்டையால் காட்டினாள். லோர்னாகூடச் சிரித்துவிட்டாள்.

சிரிப்பு அடங்கும்வரை இஷ்பெல் காத்திருந்தாள். அவசரமில்லை. பந்துக்குப் பின்னால் போய் இறக்கத்தைப் பார்த்தாள், வந்து நின்றாள். மூச்சை வெளியே விட்டாள், கடைசிச் சொட்டு வரை. பந்தின் முதுகில் இருந்த நீல எழுத்தில் கண்ணை வைத்தாள். 'விழுந்தா சொல்லு' என்று காதிடம் சொன்னாள். கை தானாகப் பின்னே போய் முன்னே வந்தது, அதனிடம் யாரும் எதுவும் கேட்காததால்.

நீல எழுத்து இருந்த இடத்தில் இப்போது புல் மட்டும் இருந்தது. அவள் தலையைத் தூக்கவில்லை. காற்று. ஒரு கடற்பறவை. பிறகு குழிக்குள்ளிருந்து அந்தச் சத்தம்.

நிமிர்ந்தபோது லோர்னா தொப்பியைக் கழற்றிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். "ஏழாம் குழியில நின்னது நீதானா?" என்றாள்.

"அங்க நோயாளி மட்டும்தான் வந்திருந்தா" என்றாள் இஷ்பெல். லோர்னாவுக்குப் புரியவில்லை. இஷ்பெல் விளக்கவும் இல்லை.

நெட்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மன்றக் கட்டிடத்தை நோக்கி நடந்தாள். ஜன்னலுக்குள் தலைவி சூப் கிண்ணத்துடன் உட்கார்ந்திருந்தாள். கதவு வரை போகப் பொறுமையில்லாமல் நெட்டா புல்வெளியின் நடுவிலேயே நின்று கத்தினாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பவே சொல்றேன், கேட்டுக்கோ! போர்ட்செல்லனுக்கு நானும் இஷ்பெல்லும்!"

தலைவி ஜன்னல் வழியாகக் கரண்டியை உயர்த்தினாள்.

"என்னைக் கேக்கவே இல்லையே நீ" என்றாள் பின்னால் வந்துகொண்டிருந்த இஷ்பெல்.

"உன்னை எதுக்குடி கேக்கணும்?"

"நான் வேற யாரோடயாவது ஆடலாம்னு இருந்தா?"

நெட்டா நின்று திரும்பிப் பார்த்தாள். இஷ்பெல் அவளைத் தாண்டிக் கதவைத் திறந்து உள்ளே போய், ஜன்னலோர மேசையில் நால்வருக்கும் இடம் பிடித்தாள்.