கோயிலுக்குப் போகிற பஸ்ஸில் வீட்டுப்பாடம்

ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஆங்கிலம் என்றாலே வேப்பங்காய்தான். 'கேட்ச் எ கிளிம்ப்ஸ்' என்பதை வைத்துச் சொந்தமாக வாக்கியங்கள் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் வழியில், பஸ்ஸிலேயே பாடம் நடத்தினார் அத்தை, அப்பாவின் தங்கை. காவிரிப் பாலத்தில் ஏறியதும் தென்னை மரங்களுக்கு நடுவே ராஜகோபுரம் தெரிந்து மறைந்தது. "பாத்தியா? முழுசா பாக்கல, சட்டுனு கண்ணுல பட்டுச்சு. அதுதான் கிளிம்ப்ஸ்" என்றார்.

பளிச்சென்று புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை.

அன்று நாங்கள் போனது பெருமாளைக் கும்பிட மட்டும் அல்ல. மணப்பாறையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் சக்கரத்தாழ்வார் சன்னதிப் பக்கம் தற்செயலாக வந்ததுபோல் நின்று அத்தையைப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடிக்காவிட்டால் அப்படியே போய்விடுவார்கள், யாருக்கும் சங்கடம் இல்லை. அத்தைக்கு மட்டும் விஷயம் தெரியக் கூடாது. இதற்கு முன்பும் இப்படிச் சில தற்செயல்கள் நடந்திருந்தன. வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா என்னை எச்சரித்திருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். "டுடே தே வில் கேட்ச் எ கிளிம்ப்ஸ் ஆஃப் அத்தை!" என்று பஸ்ஸே கேட்கும்படி சொன்னேன். முன் சீட்டில் அப்பாவின் கழுத்து விறைத்தது. ஆங்கிலம் அவ்வளவாக வராத அம்மா, "என்னடி சொல்ற?" என்று கேட்க, நல்ல பிள்ளையாக அதைத் தமிழிலும் சொல்லிவைத்தேன். மணப்பாறையையும் விடவில்லை.

அம்மா கிள்ளிய கிள்ளில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டோமே என்று நடுங்கிப்போனேன். அத்தை முன் சீட்டுப் பக்கம் குனிந்தார். பிறகு, "அவங்க மட்டும் பாத்தா போதுமாண்ணே? நானும் பாக்க வேணாமா? ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் வருவேன்" என்றார்.

கோயிலில், தூணின் சிற்பத்தை ரசிப்பதுபோல் நின்றிருந்த அந்தக் குடும்பத்திடம் அத்தை நேராகப் போனார். "வாங்க, மணப்பாறையிலேர்ந்து பஸ்லயா வந்தீங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. அவருடைய அம்மா முகத்தைச் சுளித்தார், அப்புறம் அவரே நகர்ந்து இடம் கொடுத்தார். நாங்கள் வாங்கிய புளியோதரையைத் தின்று தீர்த்த பிறகும் மண்டபத்தில் அத்தையும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"எனக்குச் சம்மதம்ணே. அவரும் சரின்னுட்டாரு" என்று சொல்லிக்கொண்டு வந்தார் அத்தை. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

வீடு திரும்பும்போது அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னை மன்னித்துவிட்டார் போலும் என்று நிம்மதியாகத் தூங்கிப்போனேன். முந்தைய தற்செயல்கள் ஒவ்வொன்றும் அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்பதோ, தெரியாதவர்போலத் தலைகுனிந்து நடந்துவிட்டு வந்து, மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து வராத பதிலுக்காகச் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார் என்பதோ எனக்கு அப்போது எங்கே தெரியும்?