மூடுபனியைத் துடைக்கும் பேனா

அந்தப் பேருந்து நிலையத்துக்கு வந்து போகிற எல்லோருக்கும் அவருடைய குரல் பழக்கம். முகம்தான் யாருக்கும் தெரியாது. நடைமேடைகளுக்கு மேலே, கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. வண்டி தாமதம் என்பதைக்கூட அவர் சொன்னால் ஜனங்களுக்குக் கோபம் வராது என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். வீட்டில் அவருக்குப் பெயர் மைக். கல்யாணமான புதிதில் மனைவியின் தம்பி வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

விடுமுறை நாட்களின் மத்தியானத்தில் மைக்குக்கு இன்னொரு வேலை உண்டு. சாப்பிட்டு முடித்த மேசையைத் துடைத்துவிட்டு நாலு பேர் உட்கார்ந்து கதை விளையாட்டு ஆடுவார்கள். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அதற்குள் நடமாட வேண்டும். பூட்டு திறக்குமா, வாள் வெட்டுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். சொல்பவர் எப்போதும் மைக்தான்.

அவர் மனைவிக்கு கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிற வேலை. விளையாட்டில் அவள் திருடி. "நாள் முழுக்க அடுத்தவங்க பொருளைப் பத்திரமா அனுப்பி வைக்கிறேன். இங்கயாவது கொஞ்சம் திருடிக்கிறேனே" என்பாள். அவள் தம்பி காப்பீட்டு முகவர். பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுகிற ஆசாமி. விளையாட்டில் அவன் வாள்வீரன். முன்பின் யோசிக்காமல் எல்லாக் குகைக்குள்ளும் தலையை நீட்டுவான். நாலாவது ஆள் மாடி வீட்டு நர்ஸ், பல் மருத்துவமனையில் இருப்பவள். அவளுக்கு மந்திரக்காரி வேடம். ஒருமுறை ஆற்றங்கரையில் நெருப்புக் கக்குகிற பூதத்தை எதிர்கொண்டபோது, பழக்கதோஷத்தில் "நல்லா வாயைத் திறங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வாள்வீரன் சிரித்து உருண்டதில் பகடை சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

குரல் உடைந்தது ஒரு சாதாரண நாளில். கிளம்பத் தயாராக இருந்த வண்டியின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். பாதிப் பெயர் வந்தது, மீதி காற்றாகப் போனது. கீழே கூடத்தில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"குரல் நாண்ல சின்ன கட்டி" என்றார் மருத்துவர். "பயப்பட ஒண்ணும் இல்லை, எடுத்துடலாம். ஆனா அதுக்கப்புறம் நான் சொல்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது."

"அது ஒண்ணுதான் இவருக்கு வராது டாக்டர்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கட்டியை எடுத்து வீட்டுக்கு வந்த பிறகு, மைத்துனன் ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து வைத்தான். பேனாவால் எழுதுகிற வகை. "வாடிக்கையாளர்கிட்ட கையெழுத்து வாங்கக் கொடுத்தாங்க மாமா. எனக்கு இதோட ஒத்துவரலை. நீங்க வெச்சுக்கோங்க."

முதலில் மைக்குக்கும் ஒத்துவரவில்லை. கண்ணாடி மேல் பேனா வழுக்கியது. உள்ளங்கை பட்ட இடமெல்லாம் பூரான் ஊர்ந்த மாதிரி கோடு விழுந்தது. மைத்துனன் சொரசொரப்பான ஒரு தாளை அதன் மேல் ஒட்டி, கை பட்டாலும் கண்டுகொள்ளாதபடி எதையோ மாற்றிக் கொடுத்தான். பிறகு எழுதுவது சுகமாக இருந்தது. மெல்லத் தொட்டால் முடி போல ஒரு கோடு. அழுத்தினால் தூரிகை போலப் பட்டை. எழுதியதை வாய்விட்டுப் படிக்கிற வசதியும் அதில் இருந்தது. 'தண்ணி வேணும்' என்று எழுதி அதைத் தட்டினார். இயந்திரப் பெண் ஒருத்தி கணீரென்று தண்ணீர் கேட்டாள்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருங்க அது? என்னைக் கேக்காம வீட்டுக்குள்ள இன்னொருத்தியைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

அன்றோடு அந்த வசதியை மைக் நிறுத்திவிட்டார்.

அந்த வாரம் ஒரு சண்டையும் நடந்தது. அவருக்கு உடம்பு தேறுகிற வரைக்கும் விளையாட்டு வேண்டாம் என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். 'என்னைக் கேட்டியா?' என்று அவர் திரை முழுக்க எழுதினார். அழுத்திய அழுத்தத்தில் எழுத்து ஒவ்வொன்றும் விரல் தடிமன். அவள் பேனாவை வாங்கி, பின்பக்கத்து ரப்பரால் அதை நிதானமாக அழித்தாள். அவர் ஓரத்தில் இருந்த அம்புக்குறியைத் தொட்டார். அழித்தது திரும்ப வந்து நின்றது. அவள் மறுபடி அழித்தாள். அவர் மறுபடி வரவழைத்தார். "இது என்னங்க அநியாயம்? சண்டையைக்கூட அழிக்க விடாதா இந்தப் பெட்டி?" என்று அவள் சிரிக்க, சத்தம் போட்டுச் சிரிக்க முடியாத அவர் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார்.

விடுமுறை வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தும் மாடி வீட்டு நர்ஸ் பகடைப் பையோடு இறங்கி வந்தாள், பின்னாலேயே மைத்துனனும். "சும்மா உக்காந்துட்டுப் போறோம் அக்கா" என்றாள் அவள். வெளியே மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம். மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது.

மைக் டேப்லெட்டை மேசை நடுவில் வைத்தார். திரை முழுவதும் சாம்பல் நிறம். ஒன்றும் தெரியவில்லை.

"கெட்டுப்போச்சா மாமா?"

அவர் பேனாவைத் திருப்பி, ரப்பர் முனையால் ஓர் இடத்தை மெதுவாகத் தேய்த்தார். சாம்பல் விலகி அடியிலிருந்து ஒரு படகுத்துறை தெரிந்தது. ஈர மரப்பலகைகள், ஒரு விளக்குக் கம்பம், கயிற்றில் ஆடுகிற ஒரு படகு. அவர் பல நாள் உட்கார்ந்து ஒரு தீவை முழுக்க வரைந்து, அதன் மேல் இன்னொரு அடுக்காக மூடுபனியைப் பூசி வைத்திருந்தார்.

மூவரும் திரை மேல் குனிந்தார்கள். பிறகு வாள்வீரன் தொண்டையைச் செருமி, "நான் வடக்கே நடக்கிறேன்" என்றான். பேனா வடக்கே நகர்ந்தது. நடக்க நடக்கப் பாதை பிறந்தது. ஓரத்தில் கல்மதில், மதில் மேல் தூங்குகிற பூனை. நர்ஸ் பகடையை உருட்டினாள். வந்த எண்ணைப் பார்த்து மைக் ஒரு கிணறு வரைந்தார், கிணற்றுக்குள் நிலா வரைந்தார். படத்தின் வானத்தில் நிலா இல்லை. "அப்போ நிலா கிணத்துக்குள்ள விழுந்துடுச்சா அண்ணா?" என்று அவள் ரகசியக் குரலில் கேட்டாள். எல்லோருமே அந்த ரகசியக் குரலுக்கு மாறியிருந்தார்கள். பேசத் தடை அவருக்கு மட்டும்தான் என்பது மறந்தே போனது. மழை எப்போது பிடித்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

தீவின் நடுவில் ஒரு கோபுரம். திருடி அதன் சுவரில் ஏறினாள். பகடை அவள் பக்கம் விழுந்தது. "மேல ஒரு ஜன்னல் இருக்குல்ல? அதுக்குள்ள எட்டிப் பாக்கிறேன்."

மைக் இரண்டு விரலால் திரையை விரித்தார். கோபுரம் பெரிதாகி, ஜன்னல் பெரிதாகி, கடைசியில் ஜன்னலின் இருட்டு மட்டும் திரையை நிறைத்தது. அதற்குள் என்ன இருக்கிறதென்று அவர் யோசித்து வைக்கவில்லை. பேனா சற்று நேரம் நின்றது. பிறகு வெள்ளைக் கோட்டில் ஒரு மேசை வந்தது. மேசை முன்னால் நாற்காலி, நாற்காலியில் ஓர் ஆள். முகத்தில் கண் வைத்தார், மூக்கு வைத்தார். வாய் வைக்கவில்லை.

வாள்வீரன் ஏதோ சொல்ல வந்தான். நர்ஸ் அவன் காலை மேசைக்கு அடியில் மிதித்தாள்.

"திருடுறதுக்கு அங்க என்ன இருக்கு?" என்று அவளே கேட்டாள்.

மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணும் திருடலை" என்றாள். "பக்கத்துல போய் உக்காந்துக்கிறேன். அவ்வளவுதான். இதுக்குப் பகடை உருட்டணுமா?"

மைக் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. இன்னொரு நாற்காலி வரைய ஆரம்பித்தார். அதன் ஒரு கால் கோணலாகப் போனது. அழிக்காமல் விட்டுவிட்டார்.

மருத்துவர் ஒருவழியாகப் பேசச் சொன்னபோது வந்த குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. கரகரவென்று, மணலில் தகரத்தை இழுத்தது போல. போகப் போகக் கொஞ்சம் தெளியும், பழையபடி ஆகாது என்றார் அவர்.

வேலைக்குத் திரும்பிய காலையில், நிலையத்து வாசலில் கால் வைத்ததுமே மைக் திகைத்து நின்றார். ஒலிபெருக்கியில் அவருடைய குரல் பேசிக்கொண்டிருந்தது. அவருடைய பழைய அறிவிப்புகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கணினியில் ஏற்றிவிட்டார்களாம். ஊர்ப்பெயர் ஒரு நாள் சொன்னது, நடைமேடை எண் இன்னொரு நாள் சொன்னது, சேர்த்து ஒட்டியிருந்தார்கள்.

நிலைய அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். "உங்க குரல்தானே சார் பேசுது? உங்களை யாராலயாவது எடுத்துட முடியுமா? வண்டி ஒதுக்குற பிரிவுக்கு வந்துடுங்க. ரொம்ப அலட்டிக்காம இருக்கலாம்."

எந்த நடைமேடையில் எந்த வண்டி என்று பிரித்துக் கொடுக்கிற வேலை. மைக் தன் டேப்லெட்டில் நிலையத்தையே வரைந்து வைத்துக்கொண்டார். வண்டிகளைச் சின்னப் பெட்டிகளாக அங்கும் இங்கும் நகர்த்துவார்; மழை நாளில் கூரை இல்லாத நடைமேடைகளை நீல நிறத்தில் அடித்து வைப்பார். இடைவேளையில் கீழே இறங்கிப் பயணிகள் நடுவில் உட்காருவார். தலைக்கு மேலே தான் பேசுவதைத் தானே கேட்பது முதல் சில வாரம் ஒத்துவரவில்லை. பிறகு, தூரத்து ஊரில் இருக்கிற அண்ணன் குரலைப் போல அது பழகிவிட்டது.

ஒருநாள் பக்கத்தில் மூட்டையோடு இருந்த அம்மாள் கேட்டாள்: "தம்பி, இப்ப என்ன சொன்னாங்க? கணகணன்னு நல்லாத்தான் இருக்கு, என்னன்னுதான் புரியலை."

"கடைசி நடைமேடைங்கம்மா. வாங்க, நான் அங்கதான் போறேன்" என்று அந்தக் கரகரத்த குரலில் சொல்லி, மூட்டையைத் தூக்கிக்கொண்டார்.

விளையாட்டு நிற்கவில்லை. இப்போது பாதி பேச்சு, பாதி பேனா. கிழட்டுப் படகோட்டி, கல்லுக்குள் வாழும் பூதம், கதவின் கீல் இவற்றுக்கெல்லாம் அவருடைய புதுக் குரல் கச்சிதமாகப் பொருந்தியது. "இதுக்காகவே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு மாமா" என்று சொல்லி மைத்துனன் அக்காவிடம் குட்டு வாங்கினான்.

போன விடுமுறையில் அவர்கள் தீவைச் சுற்றி முடித்துக் கரைக்கு வந்துவிட்டார்கள். வரைந்த இடம் அதோடு சரி. மந்திரக்காரி கடலைக் காட்டி, "அந்தப் பக்கம் என்ன இருக்கு அண்ணா?" என்றாள்.

"எனக்கும் தெரியாது" என்றார் மைக். "படகுல ஏறுங்க."

அவர் திரையை ஓரமாக நகர்த்தினார். வெள்ளை வெளி திறந்துகொண்டே போனது. மூவரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். துடுப்பு போட யார் முதலில் பகடை உருட்டுவது என்று அக்காளும் தம்பியும் தகராறு செய்துகொண்டிருக்க, பேனா அலை போட ஆரம்பித்திருந்தது.