பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கு இங்கிலீஷ்

பாடம் நடத்துகிற தொழிலில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளைக்கூடச் சமாளித்துவிடலாம். டிக்கெட் போட்டுவிட்டுப் படிக்க வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினேன். வந்தவர்கள் எல்லோரும் சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று கிளம்ப நின்றவர்கள். டியூஷன் எடுத்துத் தொண்டை கட்டிப்போனவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கடைசி எழுத்து

முருகையனுக்கு ஐம்பது வயதிருக்கும். பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பம். பாரிஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பல வருடம் வேலை பார்த்தவர். மகளை லண்டனில் கட்டிக்கொடுத்திருந்ததால், தானும் அங்கேயே போய்விடத் தீர்மானித்து, நடுவில் ஊருக்கு வந்திருந்தார். பிரெஞ்சு சரளமாகப் பேசுவார். அதுதான் தொல்லை. இங்கிலீஷ் பாடத்தைக் கொடுத்தால் அதையும் பிரெஞ்சாகவே படிப்பார். பிரெஞ்சில் பல சொற்களின் கடைசி எழுத்தை உச்சரிப்பதில்லை; 'டிக்கெட்' அவர் வாயில் 'டிக்கே' ஆகிவிடும்.

"கடைசி எழுத்தையும் சேர்த்துப் படிங்க சார்" என்றேன். "கடைசி எழுத்தை யாராவது படிப்பாங்களா?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அடுத்த வரியில் 'நைஃப்' வந்தது. என் பேச்சுக்கு மரியாதை கொடுத்து ஓர் எழுத்தையும் விடாமல் 'க்னைஃப்' என்று படித்தார். முதலில் இருக்கிற 'கே'யைச் சொல்லக் கூடாது என்று நான் திருத்த வேண்டியதாயிற்று. புத்தகத்தை மெதுவாக மூடினார்.

"நாங்க கடைசி எழுத்தை விடுறோம், நீங்க முதல் எழுத்தை விடுறீங்க. நடுவுல இருக்கறதை மட்டும் படிச்சா ரெண்டு நாட்டுலயும் பொழச்சுக்கலாம் போலருக்கே!"

ஒரே ஒரு பாடம்

துபாய்க்கு டிரைவர் வேலைக்குப் போகவிருந்த ஒருவர், முதல் நாளே லீவு கேட்பது எப்படி என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார். வண்டி ஓட்டுவது பற்றி, வழி கேட்பது பற்றியெல்லாம் படிக்க வேண்டாமா என்றேன். "வேலை வாங்கறதுக்கு அவங்களே எப்படியாவது புரிய வச்சிடுவாங்க டீச்சர். லீவு நாமதானே கேக்கணும்?"

சிரிக்காத ஆள்

மாலதி, பக்கத்து ஊரான நெரவியில் ஒரு விவசாயக் குடும்பத்து மருமகள். கணவர் லண்டனில் இருந்தார். விசா வரும்வரை மாமியாரோடு இருந்துகொண்டு வகுப்புக்கு வந்தாள். படித்ததை வீட்டில் பேசிப் பழகுங்கள் என்பது என் கட்டளை. வாயைத் திறந்தாலே வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று ஒருநாள் அழாத குறையாக நின்றாள். "சிரிக்காத ஆள் யாருமே இல்லையா?" என்று ஏதோ ஒரு வேகத்தில் கேட்டுவைத்தேன்.

கொஞ்ச நாளில் அவள் பேச்சில் தயக்கம் போயிருந்தது. விசாரித்தால், கொல்லையில் மாட்டோடு பேசுகிறாளாம்! 'கம் ஹியர்', 'டோன்ட் கிக்' என்று ஆரம்பித்து, கணவர் போன் பண்ணாத வருத்தத்தைச் சொல்கிற அளவுக்கு இங்கிலீஷ் வளர்ந்துவிட்டது. ஒருநாள் மாமியாரே மாடியேறி வந்தார். மருமகளை வகுப்பிலிருந்து நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

"இவ நல்லாத்தான் பேசறா. விசா வந்து இவ போயிட்டா அந்த மாட்டை நான் என்னன்னு கூப்பிடறது? எனக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுங்க. தமிழ்ல கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது."

கேள்வி கேட்டவள்

செல்வம் கருக்களாச்சேரி மீனவர். சுனாமிக்குப் பிறகு அவர் கடலுக்குப் போனால், படகு கரை திரும்பும்வரை மனைவி கலாவுக்குச் சோறு இறங்காது. அதனால் சிங்கப்பூர் ஷிப்யார்டு வேலைக்கு முயற்சி செய்தார். சென்னையில் இன்டர்வியூ. வகுப்பிலோ மனுஷன் வாயே திறக்கவில்லை. இன்டர்வியூவில் கேட்கக்கூடிய இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கலாவிடம் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் அவள் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும்.

கிளம்பும் முன் ஒத்திகை வைத்தேன். பழைய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டதும் செல்வம் கல்லாக உட்கார்ந்துவிட்டார். வாசலில் நின்ற கலாவுக்குப் பொறுக்கவில்லை. இன்டர்வியூ எடுப்பவரிடமே சொல்வதுபோல், "சீ நோ சார். வைஃப் கிரையிங்" என்றாள்; கடல் வேண்டாம், பெண்டாட்டி அழுகிறாள் என்று அர்த்தம். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற என் வகுப்பு அன்று சிரிக்கவில்லை. செல்வம் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எஸ். மை வைஃப் கிரையிங்" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் இங்கிலீஷ். சென்னையிலும் அதையே சொல்லியிருக்கிறார். வேலை கிடைத்துவிட்டது.

அவர் விமானம் ஏறிய மறுவாரம், கலா வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீயும் போறியாம்மா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

"சாயங்காலமானா கேள்வி கேட்டே பழகிப்போச்சு டீச்சர். இப்ப வீட்ல பதில் சொல்ல ஆளில்ல. நீங்க சொல்லுங்க, வாட் ஈஸ் யுவர் நேம்?"

இத்தனை பேரைப் பேசவைத்துக் கடல் தாண்டி அனுப்பிய நான், காரைக்காலுக்கு வெளியே இன்றுவரை பேசிய மொத்த இங்கிலீஷும், கும்பகோணம் பஸ்ஸில் மீதிச் சில்லறை கொடுத்த கண்டக்டரிடம் சொன்ன ஒரு 'தேங்க்யூ'தான்.