நெட்டு ஆபீசு தமிழினி

"பச்சை லைட்டு எரியுதா, செவப்பு லைட்டு எரியுதா?"

போனை எடுத்தால் தமிழினி 'ஹலோ' சொல்வதில்லை. எதிர்முனையில் இருப்பவர் 'நெட்டு வரல' என்று தொடங்குவதற்குள் இந்தக் கேள்வியைப் போட்டுவிடுவாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும். இரண்டு கைகளும் அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருக்கும். எரிச்சல் ஏறினால் அவள் கடலை ஓட்டை நசுக்கும் சத்தம் பேசுகிறவருக்கே கேட்கும்.

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது ஆபீசு. கேபிள் டிவி நடத்திவந்த கோதண்டராமன் இப்போது வீட்டுக்கு வீடு இணையம் கொடுக்கிறார். லைன்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் தமிழினி. மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள். பெயருக்குத்தான் இன்ஜினியர். டிவி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் ஊர் அவளைத்தான் கூப்பிடும்.

உள்ளறையில் குளிர்சாதனத்துக்குக் கீழே ஒரு பெட்டி இரைந்துகொண்டிருக்கிறது. ஊர்க் கம்பிகள் எல்லாம் அதில் வந்து முடிகின்றன. எந்தத் தகவல் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்புவது அதன் வேலை. அதற்குப் பெயர் சுவிட்ச். அந்தப் பெயரே அவளுக்குத் தலைவலி. "சுவிட்ச்ல பிரச்சன" என்று சொன்னால் போதும், "எலக்ட்ரீசியன வுட்டு மாத்திடேன்மா" என்பார்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி குரங்கு. லைன் எதனால் போனாலும் கோதண்டராமன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது ஒரே பதில்தான்: "கோட்டைக் கொரங்கு ஒயர கடிச்சிட்டுது சார்." எப்போதாவது கடிப்பது உண்மைதான். அதற்காக ஆபீசின் பாவத்தையெல்லாம் அதன் தலையில் கட்டினால் எப்படி என்று தமிழினி பல்லைக் கடிப்பாள்.

பெட்டியைச் செய்த கம்பெனியிடமிருந்து கார்த்திகையில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதை எடுத்துக்கொண்டு கோதண்டராமனிடம் போனாள்.

"கோணலா ஒரு தகவல் வந்தா போதும் சார், பெட்டி மயங்கி வுழுந்துடும். புது சாப்ட்வேர் ஏத்தணும். அரை மணி நேரம் லைன நிறுத்தணும்."

"டேட்டா திருடு போவுமா?"

"போவாது. ஆனா நின்னு போயிடும்."

"அவ்ளோதானே? ஓடிக்கினு இருக்கறத எதுக்கு நிறுத்தணும்? கஸ்டமரு கத்துவான்."

"நாம நிறுத்தலன்னா அது தானா நிக்கும் சார்."

"நின்னா பாத்துக்கலாம்."

மார்கழியிலும் கேட்டாள், பொங்கல் கழித்தும் கேட்டாள். அதே பதில்தான்.

தை அறுவடை வந்தது. கமிட்டி என்று ஊர் சொல்லும் விற்பனைக்கூடத்தில் இடம் போதாமல் நெல் மூட்டைகள் வெட்டவெளியில் கிடந்தன. வியாபாரிகள் கம்ப்யூட்டரில்தான் விலை போடவேண்டும். அன்று காலை பெட்டி விழுந்தது. தானே எழுந்து, எல்லா லைன்களையும் மெல்ல மெல்லப் பிடித்து, ஊருக்கு உயிர் வந்த கையோடு மறுபடியும் விழுந்தது.

ஓயாமல் அடித்த போன்களில் ஒன்றை எடுத்து, "பச்சை லைட்டு..." என்றாள்.

"லைட்டெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. வல்லம் துரைக்கண்ணு பேசறேன், கமிட்டியிலேர்ந்து. கம்பத்துல ஒன் நம்பரு எழுதியிருந்துது. நெட்டு வந்தாத்தான் வெல போடுவாங்களாம். நெல்லு வெளிய கெடக்குது, மானம் கறுத்துக்கினு வருது. எப்பம்மா வரும்?"

தமிழினி "பாக்கறேங்கய்யா" என்று வைத்துவிட்டு உள்ளறைக்கு ஓடினாள்.

விழுவதற்கு முன் பெட்டிக்குக் கடைசியாக என்ன வந்தது என்று தேடினாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கோணல் தகவல் ஒரே லைனிலிருந்துதான் வந்திருந்தது. கல்யாண மண்டபத்துக் கேமராப் பெட்டி. வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. எங்கோ இருக்கும் யாரோ ஒருவன் உள்ளே புகுந்து அதை ஏவிக்கொண்டிருந்தான்.

"மண்டபத்து லைன புடுங்கப் போறேன் சார்."

கோதண்டராமன் எழுந்தேவிட்டார். "அது என் மச்சான் மண்டபம்மா! உள்ள கல்யாணம் நடக்குது, துபாய்ல ஒக்காந்து லைவ்ல பாத்துக்கினு இருக்கறாங்க. தாலி கட்டட்டும், அப்புறம் புடுங்கு."

"பெட்டி வுழறப்ப அந்த லைவும்தான் சார் வுழுது! துபாய்ல இன்னாத்த பாக்கறாங்க?"

அவர் மச்சானுக்குப் போன் போடத் திரும்பிய நேரத்தில், அவள் அந்தக் கம்பியை உருவிப் போட்டாள்.

பெட்டி எழுந்தது, நின்றது. கமிட்டியில் விலை ஓடத் தொடங்கியது. அது முடிவதற்குள் மழை வந்துவிட்டது.

மத்தியானம் துரைக்கண்ணு மறுபடி கூப்பிட்டார். "நெட்டு வந்துடுச்சிம்மா. மேல் மூட்டைக்கு வெல போட்டாங்க. அடி மூட்டையெல்லாம் நனைஞ்சி போச்சி, காய வெச்சி எடுத்துக்கினு வான்னு சொல்லிட்டாங்க. ஒன்ன சொல்லி இன்னா பண்றது, கொரங்கு கடிச்சிதாமே."

"இல்லைங்கய்யா, அது..." என்பதற்குள் வைத்துவிட்டார்.

தமிழினி நேராகக் கோதண்டராமனிடம் போனாள். "இப்பவாவது அரை மணி நேரம் குடுங்க சார்."

"அதான் ஒயர புடுங்கிட்டியே, சரியாயிடுச்சே!"

"நாளைக்கு வேற வூட்லேர்ந்து வரும்."

"வந்தா அதையும் புடுங்கு."

மறுநாள் கமிட்டி திறப்பதற்கு முன்பே வந்தாள். எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரு செய்தி அனுப்பினாள்: 'எங்கள் பெட்டியில் குறை இருக்கிறது. நேற்று நின்றதும் அதனால்தான். இப்போது சரிசெய்கிறோம். அரை மணி நேரம் இணையம் வராது. தமிழினி.' உள்ளறைக் கதவை மூடிக்கொண்டு, புது மென்பொருளை ஏற்றிவிட்டுப் பெட்டியை மறுதொடக்கத்தில் போட்டாள். விளக்குகள் வரிசையாக அணைந்தன. வெளியறையில் இருந்த போன்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தத் தொடங்கின.

மாடிப்படியில் தடதடவென்று ஏறிவந்த கோதண்டராமனின் செருப்புச் சத்தம் உள்ளறைக்கு வெளியே வந்து நின்றது. "யார கேட்டு நிறுத்துன? தமிழு! கதவத் தெற!"

தமிழினி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து கதவின் உள்பக்கத்தோடு ஒட்டிப் போட்டாள். அதில் உட்கார்ந்து, முதுகைக் கதவுப் பக்கம் சாய்த்து, இரண்டு கால்களையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.