ஜட்ஜ் ஐயா காரின் ஒடுக்கு

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கட்டி எடுக்கக் கைவிட்டால் பெரும்பாலும் பேரிங்தான் அகப்படும். குளிரில் இரும்பு கொஞ்சம் சுருங்குமாம். சுருங்கினால் சக்கரத்துக்குள் சண்டை போடாமல் போய் உட்காருமாம். இது என் மனைவி சொன்ன விஞ்ஞானம். கேக் செய்யலாம் என்று நான் ஆசைப்பட்டு வாங்கிய ஓவனில் இதுவரை ஒரு கேக்கூட வெந்ததில்லை. பெயிண்ட் அடித்த கதவுக் கைப்பிடிகள்தான் வெந்துகொண்டிருக்கின்றன.

வீட்டில் ஹால் என்று ஒன்று இருந்தது. அதன் முன்சுவரை இடித்து ஷட்டர் போட்டாள். இப்போது அங்கே யாருடைய பழைய காராவது குடியிருக்கிறது. நாங்கள் சமையலறையில் ஒண்டிக்கொள்கிறோம். விருந்தாளி வந்தால் ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றிய பின்சீட்டில் உட்கார வைப்போம். நான்கு மரக்கால்கள் பொருத்தி அதற்கு சோபா என்று பெயர் வைத்திருக்கிறாள். அதில் உட்கார்ந்த என் அண்ணியைத் தூக்கிவிட இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அந்த வகையில் அது நல்ல சோபா.

தெருவில் அவளுக்கு 'டக்டக் அம்மா' என்று பெயர். காலை ஒன்பது மணிக்குச் சுத்தியலை எடுத்தாளானால் விளக்கு வைக்கும் வரை அந்தச் சத்தம்தான். எனக்குத் தெருவில் பெயரே கிடையாது; 'டக்டக் அம்மா வீட்டுக்காரர்', அவ்வளவுதான். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மூட்டுகளுக்கு எண்ணெய் விட அங்கேயிருந்து சிரிஞ்சு வாங்கி வந்து கொடுப்பேன். சாயங்காலம் வந்தால் டார்ச் பிடிப்பேன். இருபது வருஷமாகப் பிடித்தும் எனக்கு டார்ச் பிடிக்கத் தெரியாது என்பது அவள் கட்சி. "நான் பாக்குற எடத்துல வெளிச்சம் அடிங்க. நீங்க பாக்குற எடத்துல எனக்கென்ன வேலை?" என்பாள்.

இந்தத் தொழிலை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோபம்தான் சொல்லிக் கொடுத்தது. கல்யாணமான புதிதில் ஒரு பழைய கார் வாங்கினோம். மூன்றாம் நாள் நடுரோட்டில் படுத்துவிட்டது. வந்த மெக்கானிக், அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். எனக்கோ பானெட் எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியாது. கடைசியில், "சார், மேடத்த உள்ள உக்காரச் சொல்லுங்க, வெயிலா இருக்கு" என்றார். அன்று சாயங்காலமே இவள் அந்த இன்ஜினைக் கழற்றி, செய்தித்தாள் விரித்து, ஹால் முழுக்கப் பரப்பிவிட்டாள். திரும்பச் சேர்க்க எட்டு மாதம் ஆயிற்று. வண்டி ஓடியது. மூன்று திருகாணிகள் மிச்சம். "செஞ்சவன் தேவையில்லாம போட்டிருக்கான்" என்று தீர்த்துவிட்டாள்.

எல்லாவற்றையும்விட ஒடுக்கு எடுப்பதில்தான் அவள் கில்லாடி. கண்ணால் பார்க்க மாட்டாள். முகத்தை எங்கேயோ திருப்பிக்கொண்டு உள்ளங்கையால் தகரத்தைத் தடவிக்கொண்டே போவாள். நமக்கு வழவழவென்று தெரிகிற இடத்தில் கை நிற்கும். உள்பக்கம் ஓர் இரும்புக் கட்டையை அணை கொடுத்து, வெளிப்பக்கம் சின்னச் சுத்தியலால் டக், டக். பத்து நிமிஷத்தில் அங்கே ஒடுக்கு இருந்ததற்குச் சாட்சியே இருக்காது. இந்த வியாதி வீட்டோடு நிற்பதும் இல்லை. என் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பார்க்கப் போனவள், அங்கிருந்த ஸ்டீல் டிரேயைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார். நான் எதையுமே தொடவில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் ஜட்ஜ் ஐயா தம் காரைக் கொண்டுவந்தார். ஓய்வு பெற்றுப் பல வருஷமானவர். மாதாமாதம் என் கடையில் பிரஷர் மாத்திரை வாங்குவார். மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுக்கும்போதுகூட என்னைக் கூண்டில் நிற்பவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். காது மந்தம். அதனால் ஊரே செவிடு என்று நினைத்துக் கத்துவார். கார் கரும்பச்சை நிறம், அவருடைய அப்பா காலத்து வண்டி. பத்து வருஷம் ஷெட்டில் நின்று, உள்ளே எலிகள் பேரன் பேத்தி எடுத்திருந்தன.

"எல்லாத்தையும் புதுசு மாதிரி பண்ணிடுங்கம்மா" என்றார். பிறகு இடது பின்பக்க மட்கார்டைக் காட்டினார். ஒரு முழ நீளத்துக்கு, பல் போன கிழவர் கன்னம் போல உள்வாங்கியிருந்தது. "இதுல மட்டும் கை வைக்கக் கூடாது."

"ஏங்கய்யா?" என்றாள் இவள். அவள் கை அதற்குள் பாதி தூரம் போயிருந்தது.

அவர் சொன்ன கதை சின்னதுதான். மகள் பத்தொன்பது வயதில் ஓட்டப் பழகும்போது ரிவர்ஸில் கேட் தூணில் இடித்துவிட்டாள். இவர் தெருவே கூடும்படி கத்தியிருக்கிறார். அடுத்த வாரம் வெளியூரில் வேலை என்று கிளம்பிப் போனவள், பத்து வருஷமாக வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவோடு மட்டும் போனில் பேசுவாள். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை, அலுவலக வேலையாக மூன்று நாள் வருகிறாள். வீட்டுக்கு வருவாளா, ஹோட்டலில் தங்கிவிட்டுப் போய்விடுவாளா, தெரியாது.

"ஸ்டேஷனுக்கு இந்த வண்டியிலதான் போகப் போறேன். எல்லாம் பளபளன்னு இருக்கும், இது மட்டும் அப்படியே இருக்கும். அவ பாத்ததும் புரிஞ்சுக்குவா, அப்பாவுக்கு இப்பக் கோவம் இல்லன்னு. வாயால ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல பாருங்க."

தீர்ப்புச் சொல்லியே பழகிய வாய். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அந்த வேலையைத் தகரத்திடம் ஒப்படைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கத்தல் மனுஷர் பேசி முடித்து, வெறுமனே அந்த மட்கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பாவமாகவும் இருந்தது.

"சத்தியமா தொட மாட்டேங்கய்யா" என்றாள். மறந்துவிடக் கூடாதே என்று அந்த மட்கார்டின் மேலேயே மார்க்கரால் கொட்டை எழுத்தில் 'கை வைக்காதே' என்று எழுதினாள். இங்கேதான் கோட்டை விட்டாள். பழைய பெயிண்டை எடுக்கும் முன் தின்னர் போட்டுத் துடைப்பார்கள். இரண்டாம் வாரம் துடைத்தாள். அழுக்கோடு எழுத்தும் போயிற்று. துடைக்கும்போது படிக்கவில்லையா என்று பிற்பாடு கேட்டேன். "படிச்சேனே. ஒடுக்கத்தான தொடக் கூடாது? துடைக்கக் கூடாதுன்னா எழுதியிருந்துச்சு?" என்றாள்.

நான்கு நாள் கழித்து மத்தியானம் சாப்பிட வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. உள்ளே போனால், மட்கார்டை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"போச்சுங்க" என்றாள்.

"எது போச்சு?"

"ஒடுக்கு."

"எங்க போச்சு?" என்று கேட்டேன். ஒடுக்கு எங்கே போகும்? எனக்கும் மூளை நின்றுவிட்டது. ரேடியோ கேட்டுக்கொண்டே துரு தேய்த்திருக்கிறாள். கை தடவிக்கொண்டே போயிருக்கிறது. ஓரிடத்தில் நின்றிருக்கிறது. பிறகு அதுபாட்டுக்குச் சுத்தியலை எடுத்திருக்கிறது. கைக்குத் தெரியுமா ஜட்ஜ் வீட்டு விவகாரம்? பாட்டு முடிந்து செய்தி ஆரம்பித்தபோதுதான் இவளுக்கு உறைத்திருக்கிறது. அதற்குள் மட்கார்டு அன்றுதான் பிறந்தது போல இருந்தது.

கதவிடுக்கில் விரல் நசுங்கியபோதுகூட அழாதவள் அன்றைக்கு அழுதாள். "அந்தப் பொண்ணு பாக்காம அப்படியே திரும்பிப் போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள். சோறு போட்டுக் கொடுத்தேன், சாப்பிடவில்லை.

மறுநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடுத்ததைத் திரும்ப வைத்துவிடுவது என்று கிளம்பினாள். எந்த வண்டியையும் கழற்றும் முன் நூறு போட்டோ எடுப்பது அவள் வழக்கம். ஒடுக்குக்கு ஒரே ஒரு போட்டோதான் இருந்தது. எடுத்தவன் நான். முக்கால்வாசி என் கட்டைவிரல். பழைய இரும்புக் கடையில் வேறொரு மட்கார்டு வாங்கி வந்து ஒத்திகை பார்த்தாள். சுத்தியலால் அடித்தால் சுத்தியலால் அடித்தது போல இருந்தது. ரப்பர் சுத்தியலால் அடித்தால் யாரோ மேலே உட்கார்ந்தது போல இருந்தது. மரக்கட்டையால் ஓங்கி ஒன்று போட்டாள். "மாடு முட்டின மாதிரி இருக்கு" என்றேன். அந்தக் கட்டையோடு என் பக்கம் திரும்பினாள். நான் கடைக்குப் போய்விட்டேன்.

கடைசியில், நிஜத் தூணில் நிஜமாகவே இடிப்பது என்று முடிவானது. இடிக்க ஆள் நான். குடும்பத்தில் என் திறமை பிரசித்தம். தபால் பெட்டி, மச்சினன் பைக், நின்றுகொண்டிருந்த லாரி, ஒரு தடவை சொந்த வீட்டு ஷட்டர் என்று எல்லாவற்றிலும் இடித்துப் பெயர் வாங்கியவன். இன்ஜின் அப்போது ஓடும் நிலையில் இருந்தது. மட்கார்டை மாட்டி, எங்கள் கேட் தூணுக்கு நேராக வண்டியை நிறுத்தினாள். "எப்பவும் போல ஓட்டுங்க, போதும்" என்றாள்.

ஐந்து தடவை பின்னால் போனேன். ஐந்து தடவையும் தூணுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு விரற்கடை இருக்கும்போது என் கால் போய் பிரேக்கை மிதித்தது. வாழ்நாளில் ஒரு தடவைகூட நேரத்துக்கு வராத கால். பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் நின்று, "அடேங்கப்பா, என்னமா நிறுத்தறீங்க சார்!" என்று கைதட்டினார். "எறங்குங்க" என்று என்னைத் தள்ளிவிட்டு அவளே உட்கார்ந்தாள். அவளும் அதே விரற்கடையில் நின்றாள். வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டு இறங்கினாள். "முடியலங்க. கால் கேக்க மாட்டேங்குது."

எனவே பெயிண்ட் அடித்தாள். அவள் கையில் அதுவரை அமையாத அழகில் அந்தக் கரும்பச்சை அமைந்துவிட்டது. மட்கார்டில் மூக்குமுடி தெரிந்தது. ஜட்ஜ் ஐயாவுக்கு ஒரு பொய்யும் தயார் செய்தோம். அந்த இடம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, வேறு வழியில்லை என்று. அதைச் சொல்ல வேண்டியவன் நான். 'ஸ்டாக் இல்லை' என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய முகமாம்.

புதன்கிழமை காலை அவர் வந்தார். மகள் மறுநாள் வருகிறாள். காரின் முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராக இடது பின்பக்கம் போய்க் குனிந்தார். உள்ளங்கையால் தடவினார். மறுபடியும் தடவினார். சந்தேகப்பட்டு வலது பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"எங்க?" என்றார்.

"ஐயா, அந்த எடத்துல ஒரே துரு..." என்று ஆரம்பித்தேன்.

"துருவும் இல்ல, ஒண்ணும் இல்லங்கய்யா" என்று இவள் குறுக்கே வந்தாள். "நான்தான் எடுத்துட்டேன். கவனமில்லாம எடுத்துட்டேன். திரும்ப வைக்கவும் பாத்தோம், வரல. என்ன வேணா திட்டுங்க."

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. போய் சோபாவில் உட்கார்ந்தார். "நாளைக்கு வர்றா. நான் எதக் காட்டுவேன்?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

இவள் அவருக்கு எதிரே போய் நின்றாள். "ஒண்ணும் காட்ட வேணாம். வாயத் தொறந்து சொல்லுங்க. இப்ப நான் உங்ககிட்ட சொன்னேன்ல? செத்தா போயிட்டேன்?"

அவர் பதவியில் இருந்த காலமாக இருந்தால் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே தள்ளியிருப்பார். ஆனால் அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. "நம்பர் இருக்கு. அவ அம்மா எழுதிக் குடுத்தா" என்று சொல்லிவிட்டுத் தாமே போனில் அழுத்தினார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நாங்கள் வெளியே போயிருக்கலாம். போகவில்லை.

"ஹலோ" என்றது ஒரு பெண் குரல்.

"நான்தான். அப்பா."

"சொல்லுங்கப்பா."

அவர் எப்படியோ தாமாகவே எழுந்து காருக்குப் பக்கத்தில் போய் நின்றார். "அந்த ஒடுக்கு போயிடுச்சும்மா."

"எந்த ஒடுக்கு?"

"கார்ல. நீ தூண்ல இடிச்சியே, அது. உனக்குக் காட்டணும்னு வச்சிருந்தேன். அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது." கடைசி வாக்கியத்தைக் கசப்பு மருந்து விழுங்குகிற வேகத்தில் சொல்லி முடித்தார்.

"நீங்க கத்தினது எனக்கு ஞாபகமே இல்லப்பா. நீங்க எப்பவும்தான் கத்துவீங்க" என்றது அந்தக் குரல். "இடிச்ச வேகத்துல கதவு தொறந்துக்கிட்டு நான் வெளிய விழுந்து கெடந்தேன். நீங்க ஓடி வந்தீங்க. என்னைத் தாண்டிப் போய்க் காரத் தடவிப் பாத்தீங்க. அதுதான் ஞாபகம் இருக்கு."

ஜட்ஜ் ஐயா மட்கார்டைப் பார்த்தார். சற்று முன் அதைத் தடவிய தம் கையைப் பார்த்தார். பிறகு, நான் அவரிடம் கேட்டே இராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்: "அடி பட்டுச்சாம்மா?"

"எப்ப?"

"அன்னைக்கு."

"பத்து வருஷம் ஆச்சுப்பா."

"தெரியும். பட்டுச்சா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "முட்டியில."

"எந்த முட்டி?"

"வலது."

"ரத்தம் வந்துச்சா? யாரு கட்டுப் போட்டா? எத்தன நாள் வலிச்சுது?"

குறுக்கு விசாரணை ஆரம்பமாகிவிட்டது. அவள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத குரலில். கேட்கக் கேட்க அவர் மட்கார்டின் மேலேயே சாய்ந்துவிட்டார். இடுப்பு பெல்ட்டின் இரும்புக் கொக்கி புதுப் பெயிண்டில் வெள்ளையாக ஒரு கோடு போட்டது. அவர் அசைய அசைய அது நீண்டுகொண்டே போயிற்று. என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"பெயிண்ட் கீறுது" என்று அவள் காதோடு சொன்னேன்.

"கீறட்டும். நீங்க வாயத் தொறக்காதீங்க" என்றாள்.