சாலம்மாளின் இடுப்பு

களமருதூர் சாலம்மாள் பிறந்தபோது கால்தான் முதலில் வந்தது. அதனால் ஊரில் யாருக்கு இடுப்புப் பிடித்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வலிக்கிற இடத்தில் இடது காலால் மூன்று தரம் மிதிப்பாள். வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள், சில வீட்டில் டீ. பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். மிதிக்காவிட்டால் எத்தனை நாளாகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

நாற்பத்தாறாவது வயதில், சம்பா நடவின்போது நாற்றுக்கட்டைத் தூக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. கூட நட்ட பெண்கள் குனிந்த வாக்கிலேயே அவளை வரப்பேற்றினார்கள். ஊரில் கால் முன்னே வந்து பிறந்தவர் வேறு யாரும் இல்லை. விசாரித்ததில் பக்கத்து ஊரில் அப்படிப் பிறந்த பாவாடை என்பவர் கிடைத்தார். அவருக்கு எடை ஜாஸ்தி. மிதித்தார். அதன்பிறகு சாலம்மாளால் புரண்டு படுக்கவும் முடியவில்லை.

அசையாமல் கிடந்தால்தான் குணமாகும் என்றார்கள் ஊரில். பதினைந்து நாள் கிடந்தாள். முதுகெலும்பு முறிந்துவிட்டது, இனி நடவுக்குப் போகமுடியாது என்று அவளுக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. கணவன் காசிநாதன் கஞ்சி வைத்தான். அதைப் பதினைந்து நாளுக்கு மேல் குடிக்க முடியாது. பதினாறாம் நாள் அவளே எழுந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு திருக்கோவிலூருக்கு பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மா கால் மரத்துப்போகிறதா, நீர் சரியாகப் போகிறதா என்று கேட்டார். ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கவில்லையா என்றாள் சாலம்மாள்.

“தேவையில்லம்மா. தச புடிச்சிருக்குது. படுத்துக்கினே கெடந்தா இன்னும் இறுகிடும். எழுந்து நடங்க.”

“வலிக்குதுங்களே.”

“வலிக்கும். வலிச்சா முறிஞ்சிபோச்சின்னு அர்த்தம் இல்ல.”

சாலம்மாள் அப்போதுதான் அழுதாள். காசிநாதனுக்கு ஏன் என்று புரியவில்லை.

மறுநாளிலிருந்து நடந்தாள். காலையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். கட்டு தூக்கும்போது முழங்காலை மடித்து, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கப் பழகினாள். அடுத்த நடவுக்குப் போய், ஒவ்வொரு கட்டு நாற்று நட்டதும் ஒருமுறை இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைந்து நின்றாள்.

நிலத்துக்காரர் நாராயணசாமி வரப்பிலிருந்து கேட்டார்: “இன்னா சாலம்மா, வேடிக்க பாத்துக்கினு நிக்கிற?”

“முதுக நிமுத்துறேங்க. நீங்க வேணா ஒரு கட்டு நட்டுப் பாருங்க.”

அவர் நடவில்லை.

வலி முழுசாகப் போய்விடவில்லை. ஈரவாடைக் காலத்தில் வந்து நாலைந்து நாள் இருந்துவிட்டுப் போகும். அந்த நடவின் மூன்றாம் நாள் வயலில் அவளோடு நட்ட பதினொரு பெண்களும் கட்டுக்கு ஒருமுறை நிமிர்ந்து நின்றார்கள். நடவு வழக்கமான நேரத்துக்கே முடிந்தது.