திருப்பிச் சொல்லச் சொன்ன அங்கம்மா அக்கா

கேகாலை பஸ் நிலையத்தில் வைத்து, புளத்கொகுபிட்டிய பஸ்ஸின் கண்டக்டர்தான் எனக்குச் செய்தி சொன்னார். என்னைக் கண்டதும் படிக்கட்டிலிருந்து இறங்கி வந்து, "மாத்தயா, அங்கம்மா அக்கா நெத்தி வுணா" என்றார். அக்கா இல்லாமல் போய்விட்டார். மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் அந்தச் சிறிய சிங்கள வாக்கியம் எனக்குள் தமிழாவதற்கு வெகுநேரம் பிடித்தது. காலையில் பால் வெட்டப் போனவர் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். வயது ஐம்பத்து மூன்று. என் கக்கத்தில் அன்றைய பத்திரிகை இருந்தது. முதல் பக்கத்தில் கோபன்ஹேகனில் நடந்துகொண்டிருந்த உலகக் காலநிலை மாநாட்டின் படம். அங்கே என்ன முடிவாகிறது என்று நேரில் வந்து சொல்வதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் பால் வெட்டியவர். மூன்றாம் வகுப்புப் படிப்பு. சிங்களம் பேசினால் சிங்களவரே திரும்பிப் பார்ப்பார்கள். எந்தச் சங்கத்திலும் பதவி வகித்தவரில்லை, மேடை ஏறியவரும் இல்லை. இந்த வருடம்தான் முதன்முதலாக ஏறினார். ஏற்றியவன் நான். ஏற்றிவிட்டு அவருக்கு ஒரு துரோகமும் செய்தேன். அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுதினால் அவரே எழுந்து வந்து கேட்பார்.

மாநாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு நாட்டிலும் பொதுக்கூட்டம் வைத்து, சாதாரண மக்களின் வாக்குமூலங்களைத் திரட்டி அனுப்புவது என்று ஓர் ஏற்பாடு. நோர்வேயிலும் இந்தியாவிலும் உள்ள சில அமைப்புகளோடு கேகாலையில் நான் வேலை பார்க்கும் சிறிய அலுவலகமும் கைகோத்திருந்தது. கொழும்பிலிருந்து ஓர் ஒருங்கிணைப்பாளர் வந்தார். தோட்டத்து ஆள் ஒருவரைப் பேச வைக்க வேண்டும் என்றார். "ஆனால் வீட்டுப் பிரச்சினை, கூரைத் தகரம் என்று ஆரம்பித்துவிடக் கூடாது. இது உலக விஷயம்" என்றும் சொன்னார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம்.

ஆள் தேடித்தான் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மழை எப்படி மாறியிருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அங்கம்மா அக்கா மட்டும் பதில் சொல்லாமல் என்னைத் தன் காம்பராவின், அந்த ஒற்றை அறை வீட்டின், பின்சுவருக்குக் கூட்டிப்போனார். மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே, கலண்டர் தாளைக் கீற்றாக வெட்டி, கோதுமை மாப் பசையால் ஏழெட்டு இடத்தில் ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒட்டிய தேதி. பாதிக்கு மேல் நடுவில் கிழிந்திருந்தன.

"முன்ன ஒரு ஆபீசர் வந்து கண்ணாடித் துண்டு ஒட்டிட்டுப் போனாருங்க சார். செவுரு நகந்தா அது ஒடையுமாம். கோழி ஏறி ஒடச்சிருச்சு. அதான் தாளு ஒட்டுறேன்."

எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் தோன்றியது. "ஈரத்துக்கும் தாள் கிழியுமே அக்கா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்துச் சுவரைக் காட்டினார். அங்கே வெடிப்பே இல்லை. ஆனாலும் இரண்டு கீற்று ஒட்டியிருந்தது. அதே தாள், அதே பசை, அதே தேதி. இரண்டும் கிழியவில்லை.

"இந்தக் கேள்விய நானும் என்னையக் கேட்டுக்கிட்டேன் சார்" என்றார்.

வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக மலை. அதிலும் ஒரு வெடிப்பு, கால் நுழையும் அகலத்துக்கு. அதன் கீழே பன்னிரண்டு வீடு. ஐப்பசி மழை தொடங்குமுன் அந்தப் பன்னிரண்டு குடும்பத்தையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய கவலை. தோட்டத்துக்கும் சொல்லியிருந்தார், கிராம சேவகருக்கும் சொல்லியிருந்தார். யாரும் மறுக்கவில்லை, எதுவும் நடக்கவுமில்லை. கூட்டத்துக்கு வர அவர் ஒப்புக்கொண்டதும் அதற்காகத்தான்.

கேகாலை மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம். நோர்வேயிலிருந்து இங்கிரிட் என்ற அம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அங்கம்மா அக்கா மைக்கைத் தொடாமல் நின்று பேசினார். முன்பெல்லாம் மழை நேரம் தெரிந்து வரும், பால் வெட்டு தப்பாது. இப்போது விடியும் நேரத்தில் கொட்டி நாளையே கெடுக்கிறது. மலை ஊறி வெடிக்கிறது. பன்னிரண்டு வீடு அதன் கீழே இருக்கிறது. "அத மொதல்ல எழுதிக்கிங்க, மத்ததெல்லாம் பொறகு" என்றார். மூன்று நிமிடம்கூட இராது.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு ஒரு மயக்கம் உண்டு, அதுவும் சேர்ந்துகொண்டது. மலைநாட்டுப் பெண்ணின் கண்ணீர் என்றேன். அவர் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. மனிதகுலத்தின் மனசாட்சி என்றேன். பன்னிரண்டு வீட்டை விட்டுவிட்டேன். மறந்து விட்டதல்ல, விட வேண்டும் என்றே விட்டேன். கைதட்டல் பிரமாதமாக இருந்தது. சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள்.

தேத்தண்ணி நேரத்தில் அக்கா என்னைத் தேடி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"சார், நான் கொஞ்சந்தான் பேசுனேன். நீங்க ரொம்ப நேரம் பேசுனீங்க. அம்புட்டுப் பேச்சுல 'டுவெல்வ்' எங்கயும் வரலையே."

ரப்பர் பாலை நிறுக்கும் இடத்தில் கணக்கெழுதும் ஐயாமார் ஆங்கிலத்தில் எண்ணுவதை அவர் முப்பத்தைந்து வருடம் கேட்டவர். அதை நான் யோசிக்கவில்லை.

"இது உலக மாநாட்டுக்குப் போறது அக்கா. பொதுவாத்தான் சொல்லணும்" என்று மழுப்பினேன்.

"எங்க லயம் ஒலகத்துல இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டு, பிளேன்டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து நகரத்தில் ஊர்வலம். மாநாட்டுக்கு முன்னால் பல நாடுகளில் மக்கள் தெருவில் நின்று படமெடுத்து அனுப்பினார்களே, அந்த வகை. யுத்தம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்ததால் பொலிஸ் அனுமதிக்கு நாங்கள் நடையாய் நடந்தோம். அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். கையில் ஓர் ஆங்கிலப் பதாகையைக் கொடுத்தார்கள். எல்லோரும் வாங்கித் தூக்கிப் பிடித்தார்கள். இவர் மட்டும் அதைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க சார். தெரியாம நான் தூக்க மாட்டேன்" என்றார். சொன்னேன். யோசித்தார். "சரி, இது நெசந்தான்" என்று தூக்கினார். அப்புறம் வழியெல்லாம் வேடிக்கை பார்த்த கடைக்காரர்களுக்கு அதைச் சிங்களத்தில் விளக்கிக்கொண்டே வந்தார். அந்த ஊர்வலத்தில் தன் பதாகையில் இருப்பது இன்னதென்று தெரிந்து நடந்தவர்கள் எத்தனை பேரோ, எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்த வாரம் இங்கிரிட் அம்மா தோட்டத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. வெளிநாட்டார் வருகிறார்கள் என்றதும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணமில்லை, விருந்தாளி வந்தால் வீட்டைத் துடைப்பதில்லையா, அதுபோலத்தான். ஆனால் சுண்ணாம்பு ஏறினால் வெடிப்பும் மறையும், கீற்றும் மறையும். அக்கா சண்டை போடவில்லை. அடிக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "நல்லா அடிங்க. தாளு இருக்குற எடத்த மட்டும் சுத்தி விட்டுட்டு அடிங்க" என்றாராம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பளிச்சென்ற வெள்ளைச் சுவரில் கறுப்பாக அந்த ஒற்றை வெடிப்பு மட்டும் தெரிந்தது. சுண்ணாம்பு அடிக்காமல் இருந்திருந்தால்கூட அவ்வளவு தெளிவாகத் தெரிந்திராது.

துரை, ஒருங்கிணைப்பாளர், கிராம சேவகர், லயத்து ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். நான் தொண்டையைச் செருமினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், இன்னைக்கு ஒரு ஏற்பாடு. நான் சொல்லுவேன். நீங்க அந்தம்மாகிட்ட இங்கிலீசுல சொல்லுங்க. சொன்னத எனக்குத் தமிழ்ல திருப்பிச் சொல்லுங்க. நான் 'சரி'ன்ன பொறகுதான் அடுத்தது."

இத்தனை பேர் முன்னால், என் வயதுக்கும் அனுபவத்துக்கும் இதுவா என்று கோபம் வந்தது. இங்கிரிட் அம்மா, என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமாளிப்பு நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொல்வதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. சொன்னேன்: "இவர் என்னைச் சரிபார்க்கிறார். கேகாலையில் இவர் சொன்ன முக்கியமான விஷயத்தை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்." ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அதையே தமிழிலும் சொன்னேன். ஒருங்கிணைப்பாளர் முகம் செத்துப்போயிற்று. அக்கா, "சரி. அடுத்தது" என்றார்.

பன்னிரண்டு வீடு, ஐப்பசி மழை, மலையின் வெடிப்பு, தாள் கீற்று, வெடிப்பில்லாத சுவரின் கீற்று. ஒவ்வொன்றாகப் போய் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஒரு மணி நேரம் பிடித்தது. கடைசியில் இங்கிரிட் அம்மா துரையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இது விழுந்தால், உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? துரை நேர்மையானவர். முடியாது என்றார். தீபாவளிக்கு முன் கேகாலையிலிருந்து ஓர் அதிகாரி வந்து மலையைப் பார்த்தார். பன்னிரண்டு குடும்பமும் பழைய மடுவத்துக்கு மாறின. தோட்டத்தில் தேயிலையும் இருந்த காலத்தில் கொழுந்து நிறுத்த கொட்டகை அது. பலகையால் தட்டி அடித்து இடம் பிரித்துக் கொடுத்தார்கள். அன்று சாமான் தூக்கப் போன என்னை அக்கா முதன்முறையாக "தம்பி" என்று கூப்பிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எந்தக் கைதட்டலும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

ஐப்பசி மழை கொட்டியது. மலை விழவில்லை. கார்த்திகையும் பிறந்தது, விழவில்லை. மடுவத்தில் ஒரே புகை, ஒருவர் இருமினால் பன்னிரண்டு குடும்பத்துக்கும் கேட்கும். பக்கத்துத் தட்டிக் கருப்பையா அண்ணன் வாய்க்கொழுப்புக்காரர். நான் போயிருந்த ஒரு நாள், என் முன்னாலேயே ஆரம்பித்தார்.

"மல நின்ன எடத்துலயேதான் நிக்குது. நாமதான் சறுக்கி வந்து மடுவத்துல விழுந்துட்டோம். பொங்கலுக்கு நான் என் காம்பராவுக்கே போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு சொன்னதை அன்றே குறித்து வைத்துக்கொண்டேன்.

"விழுந்தாத்தான் நான் சொன்னது நெசமாகணுமா அண்ணே? விழாமயே இருக்கட்டும். நான் பொய்க்காரியாவே செத்துப்போறேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மேலே ஏறிப் போய், அந்தக் காலி வீட்டில் கீற்றுகளைப் பார்த்து, புதிது ஒட்டிவிட்டு வருவார். மாநாடு தொடங்கிய வாரம் கடைசியாகப் போனபோது, "பெரியவங்கல்லாம் கூடிப் பேசி என்ன முடிவு பண்ணுனாங்கன்னு வந்து சொல்லுங்க தம்பி. அழகா வேணாம், உள்ளத சொன்னாப் போதும்" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

இங்கிரிட் அம்மாவின் மின்னஞ்சல் வந்தபோது அக்காவை அடக்கம் செய்து பல நாள் ஆகியிருந்தது. மாநாட்டுக்கு வெளியே ஒரு சிறு மண்டபத்தில் பல நாட்டு மக்களின் வாக்குமூலங்களை வாசித்தார்களாம். அக்காவுடையதையும் வாசித்தார்களாம், பன்னிரண்டு வீடு என்றே வாசித்தார்களாம். பெரிய மண்டபத்தில் நாடுகளைக் கட்டுப்படுத்தும் முடிவு எதுவும் வரவில்லை என்று எழுதியிருந்தார். அக்கா நலமா என்றும் கேட்டிருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். மடுவத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, அங்கே என்ன முடிவாச்சு என்று கேட்டார்கள். உலகமே அக்காவின் பேச்சைக் கேட்டது என்று சொல்லியிருக்கலாம். துக்க வீடு, யாரும் குறை சொல்லமாட்டார்கள். "அக்கா சொன்னத வாசிச்சாங்க. ஆனா நாடுங்களுக்குள்ள ஒரு முடிவும் சரியா வரல" என்றேன். அக்காவின் மருமகள்தான், "அத்தை இதத்தான் கேட்டிருப்பாங்க. சாப்பிடுங்க சார்" என்று இலை போட்டார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு வேலை முறை. யாருக்காக மொழிபெயர்த்தாலும் இப்போது சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்கிறேன். நேரம் இழுக்கிறது. சில இடங்களில் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை. இந்தக் கட்டுரையையும் அச்சுக்குக் கொடுக்குமுன் மடுவத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். மேலே உள்ள வரி வரை வாசித்து முடித்ததும், கருப்பையா அண்ணனைப் பார்த்தேன். வாய்க்கொழுப்பு என்று எழுதியதற்குத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தார்.

"எல்லாஞ் சரிதான் சார். ஒண்ணு விட்டுட்டீங்க. பொங்கலுக்கு வீட்டுக்குத் திரும்பலாமான்னு பாக்க, நேத்து நான் மேல போனேன். அங்கம்மா கடைசியா ஒட்டுன தாளு கிழிஞ்சிருக்கு. வெடிப்பில்லாத செவுத்துல உள்ளது அப்படியே இருக்கு. நாங்க யாரும் திரும்பிப் போகல. அதையும் எழுதிருங்க."

எழுதிவிட்டேன்.